எடை குறைப்பது பற்றி என் மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் கொலுசுப் பட்டறைகளும் மண்டிகளும். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்க்கிறவர்கள்தான் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர். நானும் கல்லாவில் உட்கார்ந்தே 81 கிலோ வரை போனவள்தான். என் உயரம் 158 செ.மீ. பதினான்கு மாதத்தில் 13 கிலோ இறங்கியது. அன்றிலிருந்து சீட்டை நீட்டுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது. ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தவை இவை. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

“நான் குண்டா இல்லையான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?”

எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் வரும். அதுதான் பி.எம்.ஐ. நம் நாட்டவருக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு. 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 59 கிலோவும் 64 கிலோவும் அந்த எல்லைகள்.

அதைவிட எனக்குப் பிடித்தது தையல்காரர் டேப். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள்ளும் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறவர்கள் இங்கே நிறைய. எடை மெஷின் அவர்களைக் காட்டிக் கொடுக்காது, டேப் காட்டிக் கொடுக்கும். சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களில் இந்த உடல்வாகை அடிக்கடி பார்க்கிறேன்.

“சாப்பாட்டைக் குறைக்கணுமா, நடக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா.”

இரண்டும். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. 70 கிலோ உள்ள ஒருவர் சுறுசுறுப்பாக ஒரு மணி நேரம் நடந்தால் 250 கலோரி போல செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே அதில் 70 செலவாகியிருக்கும் என்பதால், நடந்ததால் வந்த லாபம் 180தான். ஒரு வடையும் ஒரு டீயும் அதைத் திரும்பக் கொடுத்துவிடும். அதனால் எடையை இறக்குவதில் பெரும்பங்கு தட்டுக்கு.

அப்படியானால் நடை எதற்கு? சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். தசை போனால் உடம்பு செலவழிப்பதும் குறையும். இறக்கிய எடை மறுபடி ஏறாமல் காக்கிற வேலை உடற்பயிற்சிக்கு. இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் எல்லாம் எடை அசைவதற்கு முன்பே அதனால் சரியாக ஆரம்பிக்கும்.

“கல்யாணம் அடுத்த மாசம். பத்து கிலோ குறைக்கணும்.”

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோவுக்கு 77,000. முப்பது நாளில் என்றால் தினமும் 2,500க்கு மேல் மிச்சம் பிடிக்க வேண்டும். பல பெண்களுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படுவதே அவ்வளவு கிடையாது. பச்சைத் தண்ணீரில் வாழ்ந்தாலும் கணக்கு இடிக்கும்.

வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நியாயமான வேகம். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். உடம்பில் சேமித்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போயிருக்கும். ஜாக்கெட்டைக் கொஞ்சம் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள், அது சுலபம்.

“அப்ப என்னதான் சாப்பிடறது?”

தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு அல்லது களி அல்லது சப்பாத்தி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி என்று ஏதாவது. நம் ஊர் தட்டில் முக்கால் பங்கு சோறு, ஓரத்தில் கோலம் போட்ட மாதிரி பொரியல். அதைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

புரதம் ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராமுக்குக் குறையக் கூடாது. 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையில் 12 கிராம் போல வரும். மூன்று இட்லி, சட்னி என்று காலையை முடிக்கிறவர்களுக்குப் பதினொரு மணிக்கே பசிக்கும். இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றிப் பாருங்கள், ஒரு மணி வரை தாங்கும்.

“நான் சாப்பிடறதே கொஞ்சம்தான். காத்தைக் குடிச்சாலும் ஏறுதே!”

இதைச் சொல்லாதவர்கள் இல்லை. நானே சொல்லியிருக்கிறேன். பொய் சொல்வதாக நினைக்க மாட்டேன், மறந்துபோகிறோம் அவ்வளவுதான். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வாயில் போவதையெல்லாம் மூன்று நாள் எழுதச் சொன்னேன். மூன்று வேளைச் சாப்பாடு நிஜமாகவே அளவாகத்தான் இருந்தது. இடையில் தினமும் ஆறு டீ, இரண்டு வடை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீ ஒன்று 80 கலோரிக்குக் குறையாது. ஆறுக்கு 500 ஆகிவிடும். வடை 250, கடலை 170. மொத்தத்தில் நாலாவதாக ஒரு முழுச் சாப்பாடு, பெயர் இல்லாமல் உள்ளே போயிருக்கிறது. அவர் நோட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் நோட்டில் வேறு ஒன்று வரும்: பிள்ளைகள் மிச்சம் வைத்தது. வீணாகக் கூடாதென்று பாதித் தோசையும் ஒரு பிடி தயிர் சாதமும் அம்மா வயிற்றில்தான் சேர்கின்றன.

எண்ணெயையும் பாருங்கள். மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதை வீட்டில் உள்ள தலைகளால் வகுங்கள். தலைக்கு ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு 270 கலோரி எண்ணெயிலேயே. அதை அரை லிட்டராக்கினால் மாதம் 4,000 கலோரி குறையும், கணக்குப்படி அரைக் கிலோ கொழுப்பு. மரச்செக்கு எண்ணெய்க்கும் இதே கணக்குதான். செக்கில் ஆட்டினால் கலோரி குறையாது.

“தட்டுவடை செட்டை விடச் சொல்லிடாதீங்கக்கா.”

விடச் சொன்னால் சேலத்தில் குடியிருக்க முடியாது. ஒரு செட் என்பது இரண்டு குட்டித் தட்டை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி. கடைக்குக் கடை அளவு மாறும். தோராயமாக ஒரு செட்டுக்கு 100 கலோரி என்று வைத்துக்கொள்கிறேன். காய் இருப்பதால் பஜ்ஜி, பரோட்டாவுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

சிக்கல் எண்ணிக்கையில். நின்றுகொண்டே பேசிக்கொண்டே ஆறு செட் போனால் பன்னிரண்டு தட்டை. எண்ணெயில் பொரித்த நொறுக்கலையும் மேலே வாங்கினால் ராத்திரிச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிட்டது, ஆனால் வீட்டில் மறுபடி தோசை. நான் சனிக்கிழமை இரண்டு செட் சாப்பிடுவேன், அன்று வீட்டில் ஒரு தோசை குறையும்.

“ராகி களி எவ்வளவு வேணா சாப்பிடலாம்ல?”

கேழ்வரகு மாவிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், நூறு கிராமுக்கு 320-350. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும். அதனால் நல்லது. அதற்காகப் பந்து பந்தாக இரண்டு உருண்டை உள்ளே தள்ளினால் சோறு சாப்பிட்ட கணக்குதான். கம்பு, சாமை, தினை எல்லாவற்றுக்கும் இதுவே. காடு கழனியில் பாடுபட்ட தாத்தா சாப்பிட்ட அளவு, கல்லாவில் உட்காரும் பேரனுக்குத் தேவையில்லை.

“ஜவ்வரிசிக் கஞ்சி குடிச்சா இளைக்குமாமே?”

நம் மாவட்டத்துச் சரக்கு என்பதால் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. குச்சிக்கிழங்கு மாவிலிருந்து செய்வது ஜவ்வரிசி. கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நூறு கிராமில் 350 கலோரி இருக்கும், புரதம் இல்லை என்றே சொல்லலாம். காய்ச்சலில் படுத்தவருக்குச் சரி. எடை குறைப்பதற்கு உதவாது.

“மாம்பழ சீசன்ல என்ன பண்றது?”

சாப்பிடுங்கள். நூறு கிராம் சதையில் 60 கலோரிதான். அரைக் கிலோ மல்கோவாவில் தோலும் கொட்டையும் போக 200 கலோரி வரும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு மேலே ஒரு பழம் என்பதுதான் தவறு. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் அரைப் பழம் வையுங்கள். ஜூஸ் போட வேண்டாம்; மூன்று பழம் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்துங்கள்.

“கொள்ளு ரசம், வெந்நீர்ல தேன், இதெல்லாம் கொழுப்பைக் கரைக்கும்தானே? ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ன்னு பழமொழியே இருக்கே.”

கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம், நார்ச்சத்தும் அதிகம். பசியை நெடுநேரம் தள்ளிப்போடும். அந்த வகையில் பழமொழி சரிதான். ஆனால் தெளிந்த ரசத்தில் கொள்ளின் வாசம்தான் இருக்கும். கொள்ளுப் பருப்பாகக் கடைந்து சாப்பிடுங்கள்.

தேன் ஒரு ஸ்பூன் 20 கலோரி, சர்க்கரை மாதிரியேதான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டிக்கும் அதே. வெந்நீர் மட்டும் குடித்தால் நஷ்டம் இல்லை.

“எவ்வளவு நேரம் நடக்கணும்?”

வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்தபட்சம், 300 நிமிடம் என்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம். காந்தி ஸ்டேடியத்தில் நாலு பேர் வரிசையாக அரசியல் பேசிக்கொண்டு நகர்வதை நான் நடையில் சேர்ப்பதில்லை.

இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஜிம் அவசியம் இல்லை. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பதினைந்து தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பதினைந்து, படி ஏறுவது. சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். காலை ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள். பட்டறையில் இருப்பவர்கள் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர்ப் பானை வரை போய் வந்தால்கூட உடம்புக்கு நல்லதுதான்.

“தொப்பை மட்டும் குறைஞ்சா போதும்ங்க.”

எந்த இடத்திலிருந்து கொழுப்பு போக வேண்டும் என்பது நம் கையில் இல்லை. நூறு முறை படுத்து எழுந்தால் வயிற்றுத் தசை உறுதியாகும், அதன்மேல் இருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும். இடுப்பில் கட்டும் வேர்வை பெல்ட் வெளியேற்றுவது தண்ணீரை. ஒரு சொம்பு மோர் குடித்தால் திரும்பிவிடும். எனக்கு முதலில் முகம் ஒட்டியது. “உடம்பு சரியில்லையா?” என்று ஆறு மாதம் கேட்டார்கள். வயிறு கடைசியில்தான் இறங்கியது.

“முட்டி வலியோட எப்படி நடக்கறது?”

நடக்கும்போது முட்டியில் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு. அதனால் ஒரு கிலோ குறைந்தாலும் முட்டிக்குத் தெரியும். அதுவரை உணவில் அதிகக் கவனம் வையுங்கள். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் சமதளத்தில் நடங்கள், சைக்கிள் மிதியுங்கள், உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குங்கள். முட்டி வீங்கியிருந்தாலோ, திடீரென்று பிடித்துக்கொண்டு மடங்காமல் நின்றாலோ முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

“வாரா வாரம் ஏற்காடு போய் நடந்துட்டு வர்றோம். அது போதாதா?”

எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் காரில் ஏறி, ஏரியைச் சுற்றி ஒரு நடை, பக்கோடா பாயிண்ட்டில் ஒரு போட்டோ, குளிருக்கு மிளகாய் பஜ்ஜி இரண்டு தட்டு, பால் காப்பி என்றால் எடை ஏறித்தான் இறங்குவீர்கள். மலைக் குளிரில் பசி எடுக்கும் என்பதும் உண்மை.

சேர்வராயன் கோயில் வரை நடந்து போகிறவர்களும், இங்கேயே கந்தாஸ்ரமம் மலையை நடந்து ஏறுகிறவர்களும் உண்டு. ஏற்றத்தில் நடந்தால் சமதளத்தைவிட நன்றாகவே செலவாகும். வாரத்தில் ஒன்றிரண்டு நாளில் 150 நிமிடத்தையும் முடித்தாலும் இதயத்துக்குப் பலன் உண்டு. எடைக்கு மட்டும், மற்ற ஐந்து நாள் தட்டில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

“பதினாறு மணி நேரம் பட்டினி இருந்தா சீக்கிரம் குறையுதாமே?”

மொத்தத்தில் உள்ளே போகும் கலோரி ஒன்றாக இருந்தால், நேரம் பார்த்துச் சாப்பிடுவதும் மூன்று வேளையும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடும் பழக்கம் உள்ளவருக்கு இது நல்ல வேலி. காலையில் சாப்பிடாவிட்டால் தலைவலி வருகிறவருக்கு வேண்டாத வம்பு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் இறங்கவே கூடாது.

“சுகர் மாத்திரை போடறேன். நானும் பட்டினி இருக்கலாமா?”

டாக்டரைக் கேட்காமல் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். நடக்கப் போகும்போது சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

எடை குறையக் குறைய மாத்திரை அளவும் குறைய வேண்டி வரலாம். பிரஷர் மாத்திரைக்கும் அப்படித்தான். எழுந்து நின்றால் தலை சுற்றினால் போய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே, அதாவது நூற்றுக்கு ஐந்து, சர்க்கரையிலும் அழுத்தத்திலும் மாற்றம் தெரியும்.

“எனக்குத் தைராய்டு. அதான் குறையவே மாட்டேங்குது.”

தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ, அதிலும் தண்ணீரும் உப்பும்தான் அதிகம். மாத்திரை வெறும் வயிற்றில் ஒழுங்காகப் போட்டு, டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை அளவு சரியாக இருந்தால், மிச்ச எடைக்குத் தைராய்டைக் குற்றம் சொல்ல முடியாது. மேலே சொன்ன நோட்டைத் தொடங்குங்கள்.

“உங்க கடையிலேயே பவுடர், மாத்திரை, ஊசி எல்லாம் இருக்குமே. ஒண்ணு குடுங்களேன்.”

‘மூலிகை’ என்று எழுதி விற்கும் இளைக்கும் பவுடர்களை நான் வைப்பதில்லை. சிபுட்ராமின் என்று எடை குறைக்க ஒரு மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்துக்காக இந்தியாவில் 2011-ல் தடை செய்தார்கள். பெயர் இல்லாத பல மூலிகைப் பொருட்களில் அதைக் கலந்து விற்றது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. பத்து நாளில் பசியே இல்லாமல் போய் நெஞ்சு படபடத்தால் சந்தேகப்படுங்கள்.

ஊசி விஷயம் வேறு. டிர்செபடைடும், எடைக்கான செமாக்ளுடைடு ஊசியும் 2025-ல் இங்கே விற்பனைக்கு வந்தன. வாரம் ஒரு முறை போடுவது. பசியை அடக்கும், நன்றாகவே வேலை செய்கிறது. குமட்டல், வாந்தி வரலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், தசையும் குறையும், ஆகவே புரதமும் பயிற்சியும் அப்போதும் வேண்டும்.

“எடை குறைஞ்சுது, கூடவே முடியும் கொட்டுதே?”

வேகமாகக் குறைத்திருப்பீர்கள். பட்டினியின் அதிர்ச்சி இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலையில் தெரியும். புரதமும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தால் முளைத்துவிடும். வேக எடைக்குறைப்பால் பித்தப்பையில் கல் வருவதும் உண்டு. வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அலட்சியம் வேண்டாம்.

“ஆறு கிலோ இறங்கிச்சு. ரெண்டு மாசமா முள்ளு நகரல.”

இறங்கிய உடம்புக்குத் தேவையும் இறங்கிவிடும். 81 கிலோவைச் சுமந்து நடந்தபோது செலவானதைவிட 75 கிலோவில் அதே நடைக்குக் குறைவாகத்தான் செலவாகும். இதற்கிடையே கரண்டி அளவும் மெல்லப் பெரிதாகியிருக்கும். ஒரு வாரம் மறுபடி நோட்டு எழுதுங்கள், நடையில் பத்து நிமிடம் கூட்டுங்கள். டேப்பையும் எடுங்கள்: முள் நிற்கும்போது இடுப்பு குறைந்திருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

தினமும் எடை பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். மாதவிலக்கு நாட்களில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் ஏறி இறங்கும்.

“நீங்களே கொஞ்சம் ஏறிட்டீங்க போலிருக்கேக்கா?”

ஆமாம். போன வருடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். நடை நின்றது. ராத்திரி கேன்டீன் பரோட்டா. 68இல் இருந்து 72 ஆனது. எடை குறைத்தவர்களுக்குப் பசி முன்பைவிட அதிகமாகவும் செலவு குறைவாகவும் இருக்கும் என்பதால் விட்ட இடத்தில் நிற்காது, ஏறும். இறங்கியதைப் பல வருடம் காப்பாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தினம் ஒரு மணி நேரம் ஏதாவது அசைகிறவர்கள்.

அம்மா வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கத் தொடங்கிய வாரம் நானும் ஸ்டேடியத்துக்குத் திரும்பினேன். நாலில் இரண்டு இறங்கிவிட்டது. மிச்சம் இரண்டு இன்னும் இருக்கிறது.